பலகைப் பாலத்தின் மேல் பதினான்கு வயது

வெள்ளிக்கிழமை மதியம் ஜெருசலேம் மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டத்தைப் பார்க்காமல் வர முடியாது. கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, அகன்ற விளிம்பு வைத்த கறுப்புத் தொப்பி. சிலர் தொப்பி நசுங்கிவிடக் கூடாதென்று அதற்கென்றே உள்ள பெட்டியில் போட்டுக் கையில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் சக்கரப் பெட்டி ஒன்று உருண்டு வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டு வாரத்து அழுக்குத் துணி. பொழுது சாய்ந்து ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் பேருந்து ஓடாது. ஆகவே எல்லாருக்கும் அவசரம். நெருங்கிப் பார்த்தால் பல முகங்களில் மீசைகூட அரும்பியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை அதே பெட்டிகள், வீட்டில் துவைத்து இஸ்திரி போட்ட சட்டைகளோடு, வந்த வழியே திரும்பும்.

இவர்கள் யெஷிவாவில் தங்கிப் படிக்கும் பையன்கள். யெஷிவா என்ற எபிரேயச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'உட்கார்தல்'. உட்கார்ந்து தல்மூத் படிக்கிற இடம் அது. சமயச் சட்டமும் அதன் மேல் எழுந்த வாதமும், இடையிடையே கதையும் மருத்துவமும் கனவுப் பலனும் பின்னிக் கிடக்கும் பெருந்தொகுப்பு தல்மூத். பாபிலோனியத் தல்மூத் மட்டும் 2,711 ஏடு, ஒவ்வொரு ஏட்டுக்கும் இரண்டு பக்கம். ஆசிரியர் பாடம் சொல்லும் நேரம் நாளில் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் 'ஹவ்ரூத்தா' என்னும் இணைப்படிப்பு. இரண்டு பையன்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி உரக்க மோதிக்கொள்வார்கள். நூறு பேர் இருக்கும் கூடத்தில் ஒரே நேரத்தில் ஐம்பது வழக்கு நடக்கும். புதிதாக உள்ளே நுழைகிறவருக்குக் காது அடைத்துவிடும். அந்த இரைச்சலில் ஊறியவர்களுக்கோ அமைதியான நூலகத்தில் படிப்பு ஏறாது.

இஸ்ரேலில் ஹரேதி எனப்படும் கடும் வைதீக யூதர்களிடையே, 13 வயதில் பார் மிட்ஸ்வா என்னும் வயதுக்கு வரும் சடங்கு முடிந்த கையோடு பையன் 'யெஷிவா கெட்டனா'வில் சேர்கிறான். கெட்டனா என்றால் சின்னது. மூன்று ஆண்டு கழித்து, 16 அல்லது 17 வயதில், பெரிய யெஷிவாவான 'யெஷிவா கெடோலா'. அதற்குப் பிறகு கல்யாணம் வரை அங்கேதான். சமயப் பற்றும் யூதத் தாயக இயக்கமான சியோனிசமும் கலந்த இன்னொரு பிரிவினர் உயர்நிலைப் பள்ளியையும் யெஷிவாவையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள்: காலையில் தல்மூத், பிற்பகலில் கணிதமும் ஆங்கிலமும், கடைசியில் அரசுத் தேர்வு. 1940 வாக்கில் கஃபர் ஹரோவே என்ற கிராமத்தில் ரபி மோஷே ஸ்வி நெரியா தொடங்கிய யெஷிவா அந்த வழிக்கு முன்னோடி. அமெரிக்காவில் பால்டிமோரின் நேர் இஸ்ரேல் (1933), லித்துவேனியாவிலிருந்து கிளீவ்லாந்துக்கு இடம் பெயர்ந்த தெல்ஷே (1941), பிலடெல்பியா யெஷிவா (1953), இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையின் கேட்ஸ்ஹெட் (1929) என்று வெளியூர்ப் பையன்கள் பெட்டியோடு வந்து இறங்கும் ஊர்கள் பல.

பதினான்கு வயதில் பையனை வீட்டை விட்டு அனுப்பத்தான் வேண்டுமா என்ற கேள்வி இந்தச் சமூகங்களின் சமையலறைகளில் ஆண்டுதோறும் எழுகிறது. வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பேசினால் படிப்பின் மேல் பற்றுக் குறைந்தவர்கள் என்று ஊர் நினைத்துவிடுமோ என்ற தயக்கம்.

அனுப்புகிறவர்களின் காரணங்களை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹபாத் என்னும் வைதீக யூத இயக்கம் உலகெங்கும் தன் தூதர்களைக் குடும்பத்தோடு அனுப்பிவைக்கிறது. ஓர் ஊரில் அந்த ஒரு குடும்பம் மட்டுமே வைதீக யூதக் குடும்பமாக இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்காக இணையவழிப் பள்ளிகூட நடக்கிறது. காலையில் ஆசிரியை ஒரு கண்டத்தில், மாணவர்கள் வேறு மூன்று கண்டங்களில். ஆனால் பார் மிட்ஸ்வா வயது வந்ததும் திரை போதாமல் போகிறது. ஹவ்ரூத்தாவுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். சிற்றூரில் வாழும் யூதத் தகப்பனுக்கு முன்னால் இரண்டே வழி: ஊரை மாற்றுவது, அல்லது பையனை அனுப்புவது.

இன்னொரு காரணம் வீடு. ஹரேதிக் குடும்பங்களில் சராசரியாக ஆறுக்கும் மேற்பட்ட குழந்தைகள். இஸ்ரேலிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நகரம் பினேய் பிராக். மூன்று அறை வீட்டில் எட்டு பேருக்கு நடுவே, தொட்டிலில் தங்கை அழ, மேசையில் தம்பி எழுத்துக்கூட்ட, பெரியவன் எங்கே உட்கார்ந்து படிப்பான்? இதோடு நட்பு என்ற ஒன்றும் இருக்கிறது. பெற்றோர் சொல்லிக் கேட்காத வயதில், தன்னைவிட இரண்டு வயது மூத்தவன் ஒருவன் விடாமல் படிப்பதைப் பார்த்துத் தானும் படிக்கத் தொடங்கிய பையன்கள் ஏராளம். விடுதியில் கிடைத்த ஹவ்ரூத்தாத் துணைவனோடு ஐம்பது ஆண்டு உறவு கொண்டாடும் முதியவர்களைக் கேட்டால், தங்கள் வாழ்வின் நல்ல காலம் அதுவே என்பார்கள். அதை நம்பலாம்.

ஆனாலும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. 'மரபு அப்படித்தான்' என்று சொல்லி இதை முடித்துவைக்கிறவர்கள் மரபையே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அங்கே இருப்பது அவர்கள் நினைப்பதைவிட நுட்பமானது.

தல்மூத்தின் பாவா பத்ரா பகுதியில், 21ஆம் ஏட்டில், யூதப் பள்ளிக்கூடம் பிறந்த கதை இருக்கிறது. தொடக்கத்தில் பிள்ளைக்குத் தகப்பனே ஆசிரியர். தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் படிப்பும் இல்லை. இதைச் சரிசெய்ய ஜெருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அப்போதும் தகப்பன் உள்ளவன் பிள்ளையைத் தலைநகருக்குக் கூட்டிப் போனான். அனாதை ஊரிலேயே நின்றான். அடுத்து மாவட்டந்தோறும் ஆசிரியரை வைத்து, 16, 17 வயதுப் பையன்களை அங்கே சேர்த்தார்கள். அதுவும் சரிப்படவில்லை. ஆசிரியர் கோபித்துக்கொண்டால் பையன் முறைத்துக்கொண்டு வெளியேறிவிட்டான். கடைசியில், ஜெருசலேமின் இரண்டாம் கோயில் இடிபடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு தலைமைக் குருவாக இருந்த யெகோஷுவா பென் கம்லா ஒரு வழி கண்டார். ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர் வேண்டும், பிள்ளைகள் ஆறு ஏழு வயதிலேயே சேர வேண்டும் என்று விதித்தார். படிப்பைப் பிள்ளையின் ஊருக்குக் கொண்டுபோன அந்த மனிதரை நன்றியோடு நினைக்க வேண்டும் என்கிறது தல்மூத்.

அதே ஏட்டில் தொடர்ந்து வரும் விதிகளைப் படிக்கும்போது எழுதியவர்களின் கண் எதன்மேல் இருந்தது என்பது தெரிகிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 ஆனால் உதவியாளர். 50 ஆனால் இரண்டு ஆசிரியர். படிப்புக்காகப் பிள்ளையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்பும்படி வற்புறுத்தக் கூடாது. ஒரே ஊருக்குள் ஒரு தொழுகைக்கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். நடுவே ஆறு ஓடினால் அதுவும் கூடாது. உறுதியான பாலம் இருந்தால் சரி. வெறும் பலகை போட்டிருந்தால் கூடாது.

வெறும் பலகை போட்டிருந்தால் கூடாது! ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், பாபிலோனியாவின் வாய்க்கால்கள் நடுவே உட்கார்ந்து, பிள்ளையின் கால் வழுக்கும் இடம் வரை யோசித்திருக்கிறார்கள். அது சிறு குழந்தைகளுக்கான விதி என்று ஒருவர் சொல்லலாம், உண்மைதான். ஆனால் இடம் மாறிப் படிப்பதில் உள்ள ஆபத்தை அளக்க வேண்டியது பெரியவர்களின் கடமை என்ற எண்ணம் அங்கே வேரூன்றி இருக்கிறது.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. தோரா என்னும் சமயக் கல்வி இருக்கும் இடம் தேடி நாடு கடந்தாவது போ, அது உன்னைத் தேடி வருமென்று இருக்காதே என்ற கருத்தில் ரபி நெஹோராயின் அறிவுரை ஒன்று, தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாவின் ஆவோத் பகுதியில் இருக்கிறது. யெஷிவா சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் காதில் விழும் வாசகம் அதுதான். 1565இல் வெனிசில் அச்சேறிய ஷுல்ஹான் ஆருஹ் என்ற சட்டநூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேறு ஊரில் தனக்குப் படிப்பு நன்றாக வரும் என்று நம்பி மகன் கிளம்ப, அந்த ஊரின் ஆபத்தை நினைத்துத் தகப்பன் தடுத்தால், மகன் தகப்பன் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. பெற்றோரை மதிப்பது பத்துக் கட்டளைகளில் ஒன்றாக இருக்கும் சமயத்தில் இது பெரிய சலுகை.

இங்கே நின்று கவனிக்க வேண்டும். ஆவோத்தின் அறிவுரை யாரை நோக்கியது? தானே எழுந்து நடக்கக் கூடியவனை. ஷுல்ஹான் ஆருஹ் காட்டும் காட்சியில் யார் போக விரும்புகிறார்? மகன். தடுப்பவர் தகப்பன். இன்றைய வீடுகளில் காட்சி தலைகீழாகிவிட்டது. அனுப்ப விரும்புகிறவர்கள் பெரியவர்கள். 13 வயதுப் பையனிடம் விருப்பம் கேட்கப்படுகிறதா என்பதே சந்தேகம். கற்க விரும்புகிற ஒருவனின் உரிமைக்காக எழுதப்பட்ட விதியை, விருப்பம் கேட்கப்படாத சிறுவன் மேல் கடமையாக ஏற்றுவது அந்த விதிக்குச் செய்யும் அநியாயம்.

தகப்பன் பொறுப்பைப் பற்றிய, தல்மூத்தின் கிதுஷின் பகுதியில் இதற்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று வருகிறது. ரவ் அஹா பர் யாகோவ் தன் மகனை அபாயே என்ற பேராசானிடம் படிக்க அனுப்பினார். மகன் திரும்பி வந்தபோது படிப்பில் கூர்மை ஏறவில்லை. தகப்பன் வேறு ஆசிரியரைத் தேடவில்லை, மகனைக் கடிந்துகொண்டதாகவும் கதையில் இல்லை. நீ வீட்டில் இரு, நான் போய்ப் படிக்கிறேன் என்று தானே கிளம்பிவிட்டார். பிள்ளையை அனுப்புவது தோற்கக் கூடிய முயற்சி, தோற்றால் அவன் வீடு திரும்பலாம் என்பதை அந்தத் தகப்பன் இயல்பாக எடுத்துக்கொண்டார். கதையின் மறுபாதி திகிலானது, அது பிறகு.

விடுதி என்ற கட்டடத்தின் வயதையும் பார்த்துவிடலாம். கிழக்கு ஐரோப்பாவில் பார் மிட்ஸ்வா முடிந்த பையன்கள் ஊர் ஊராகப் போய்ப் படித்தது உண்மை. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? இத்திஷ் மொழியில் 'எஸ்ஸன் டெக்' என்பார்கள்: நாட்களைச் சாப்பிடுவது. ஞாயிற்றுக்கிழமை கசாப்புக் கடைக்காரர் வீட்டில், திங்கட்கிழமை தையல்காரர் வீட்டில், செவ்வாய்க்கிழமை ஒரு விதவை வீட்டில் என்று நாளுக்கொரு வீட்டுச் சோறு. வாரத்தில் ஒரு நாளுக்கு வீடு அமையாவிட்டால் அன்று காய்ந்த ரொட்டி, அல்லது பட்டினி. இரவில் தொழுகைக்கூடத்துப் பெஞ்சுதான் படுக்கை. அடுத்தவர் வீட்டு வாசலில் உண்ணக் காத்து நிற்கும் கூச்சம் பலருடைய நினைவுக் குறிப்புகளில் ஆறாத புண்ணாக இருக்கிறது.

இந்த இழிவை முதலில் உடைத்தவர் வில்னாவின் காவோன் எனப்பட்ட மேதையின் சீடரான ரபி ஹாயிம். இன்றைய பெலாருசில் இருக்கும் வொலோஜினில் 1803 வாக்கில் அவர் தொடங்கிய யெஷிவா, பல ஊர்களுக்கு ஆள் அனுப்பி நிதி திரட்டி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. பையன்கள் ஊர்க்காரர்கள் வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினார்கள். எபிரேயப் பெருங்கவிஞர் ஹாயிம் நஹ்மன் பியாலிக் 1890இல் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. ருஷ்ய அரசின் நெருக்கடியால் 1892இல் அது மூடப்படும் வரை யூத உலகின் தாய் யெஷிவாவாக இருந்தது. விடுதிக் கட்டடம் இல்லாமலேயே.

உண்டு உறங்கிப் படிக்க ஒரே மாளிகை என்ற கனவு முழு உருப்பெற்றது போலந்தின் லூப்ளினில். ரபி மேயிர் ஷபிரோ 1924இல் அடிக்கல் நாட்டி, நிதிக்காகக் கடல் கடந்து அலைந்து, 1930இல் திறந்துவைத்த ஹக்மே லூப்ளின் யெஷிவாவில் படுக்கையறைகள், சமையற்கூடம், நூலகம் எல்லாம் இருந்தன. தல்மூத் படிக்கிறவன் இனிப் பிறர் வாசலில் நிற்க மாட்டான் என்பதே அவர் நோக்கம். உள்ளே நுழைய நூற்றுக்கணக்கான ஏடுகளை மனப்பாடமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். ஒன்பதே ஆண்டுகளில் நாஜிப் படை வந்தது. கட்டடம் மட்டும் பிழைத்தது; இன்று அதில் ஒரு ஓட்டலும் மீட்டெடுக்கப்பட்ட தொழுகைக்கூடமும் இருக்கின்றன.

நாஜிகளின் யூதப் பெரும்படுகொலைக்குப் பிறகு விடுதியின் பொருளே மாறிப்போனது. பினேய் பிராக்கில் 1944இல் போனெவெஸ் யெஷிவாவைத் தொடங்கிய ரபி கஹனெமன், பெற்றோரை இழந்து வந்த சிறுவர்களுக்காக இல்லங்களையும் அமைத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு வீடே இல்லை. யெஷிவா விடுதி அவர்களுக்குத் தாயாகவும் தகப்பனாகவும் இருந்தது. எத்தனையோ பேரை மனிதர்களாக்கியது. ஆனால் அனாதைக்குக் கூரையாக எழுந்த அமைப்பு, தாயும் தகப்பனும் நாற்பது நிமிடப் பேருந்துத் தொலைவில் இருக்கும் பையனுக்கும் தானாகவே பொருந்திவிடும் என்று அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை. பழக்கம் விதியாகிவிட்டது.

இன்றைய யெஷிவா விடுதியின் ஒரு நாளைப் பார்ப்போம். காலை ஏழு, ஏழரைக்குத் தொழுகை. காலை உணவு முடிந்து மதியம் ஒரு மணி வரை முதல் அமர்வு. சாப்பாடு, சிறு ஓய்வு, பிற்பகல் அமர்வு, இரவுச் சாப்பாடு, இரவு அமர்வு. பத்து மணியை ஒட்டிக் கடைசித் தொழுகை. வியாழன் இரவுகளில் நெடுநேரம் விழித்துப் படிக்கும் 'மிஷ்மார்' வழக்கம், அதற்குத் துணையாக அவரையும் பார்லியும் இறைச்சியும் சேர்ந்து கொதிக்கும் சோலெந்த். அறைக்கு நான்கு, ஆறு கட்டில். ஒழுக்கத்துக்கும் மனநலத்துக்கும் பொறுப்பாளராக 'மஷ்கியாஹ்' என்று ஒருவர். ஸ்மார்ட்போனுக்கு அனுமதி இல்லை. பல யெஷிவாக்களில் வீட்டோடு பேச நடைவழியில் சுவரோடு பொருத்திய தொலைபேசிதான். பின்னால் வரிசை நிற்கும்போது, அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர ஒரு பையன் வேறு என்ன சொல்லுவான்?

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. மேலே சொன்ன கால அட்டவணையில் அந்தக் கணக்கு இடிக்கும். வீட்டில் இருக்கும் பையன் முகம் வாடினால் அம்மா கண்டுபிடிப்பாள். அறுபது பையன்களுக்கு ஒரு மஷ்கியாஹ் இருக்கும் இடத்தில், அவர் எவ்வளவு நல்லவரானாலும், வாடிய முகம் ஐந்தாம் நாள்தான் கண்ணில் படும்.

பொதுவாக விடுதிப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வு என்ன சொல்கிறது? ஆண்ட்ரூ மார்ட்டின் தலைமையிலான குழு ஆஸ்திரேலியாவில் 12 பள்ளிகளில் 5,000க்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டது. விடுதி மாணவர்களுக்கும் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் இடையே படிப்பார்வத்திலும் மனநலத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. சிலவற்றில் விடுதி மாணவர்கள் சற்று மேலாகவே இருந்தார்கள். விடுதி என்றாலே கேடு என்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. மறுபக்கம், பிரிட்டனில் உளப்பகுப்பாய்வாளர் ஜாய் ஷாவெரியன், மிக இளம் வயதில் விடுதிக்கு அனுப்பப்பட்டவர்கள் நடுவயதில் சுமக்கும் துயரத்துக்கு 'விடுதிப் பள்ளி நோய்க்குறி' என்று பெயரிட்டு, 2015இல் ஒரு நூலே எழுதினார். அவர் பார்த்தவர்கள் சிகிச்சை தேடி வந்தவர்கள். நலமாக இருப்பவர்கள் அவரிடம் வந்திருக்க மாட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எஞ்சுவது இது: பிள்ளை எந்த வயதில் போகிறான், அங்கே யார் இருக்கிறார்கள், திரும்பி வர வழி இருக்கிறதா என்பவை விடுதியா வீடா என்ற கேள்வியைவிடப் பெரியவை.

வயதைப் பொறுத்தவரை, கிதுஷின் பகுதியே ஓர் எல்லை தருகிறது. மகன் மேல் தகப்பனின் கை இருக்க வேண்டிய காலம் எது என்று அங்கே கேட்கிறார்கள். 16 முதல் 22 வரை என்றார் ஒருவர், 18 முதல் 24 வரை என்றார் இன்னொருவர். மணமுடித்து வைப்பதைப் பற்றிய பேச்சு அது. ஆனால் 16 வயதுக்குப் பிறகும் தகப்பன் கை தேவை என்று எண்ணியவர்கள், 13 வயதில் அந்தக் கை விலகலாம் என்று நினைத்திருப்பார்களா?

இன்னொரு சங்கதி. யெஷிவா ஒரு பையனை வெளியேற்றினால், உள்ளூர்க்காரனுக்குப் போவது பள்ளி மட்டும். விடுதிப் பையனுக்குப் பள்ளி, கட்டில், சாப்பாடு, நண்பர்கள் எல்லாம் ஒரே மாலையில் போகும். வீட்டுக்கு வந்தாலும் தெருவில் அவன் வயதுப் பையன்கள் யாரும் இல்லை, எல்லாரும் யெஷிவாவில். எபிரேயத்தில் 'நோஷ்ரிம்', உதிர்ந்தவர்கள், என்று ஒரு சொல்லே புழக்கத்தில் இருக்கிறது. மரத்திலிருந்து உதிரும் இலைக்கும் அதே வினைச்சொல்தான். ஹரேதி நகரங்களில் இரவு இரண்டு மணிக்குத் தெருமுனையில் நிற்கும் அந்தப் பையன்களுக்காகவே தனி நிறுவனங்கள் இயங்குகின்றன.

பாதுகாப்புக்கு வருவோம், தல்மூத் கதையின் மறுபாதியும் அங்கேதான் இருக்கிறது. அபாயேயின் கல்விக்கூடத்தில் ஒரு பேய் இருந்தது. பட்டப்பகலில் இரண்டு பேராகப் போனாலும் தாக்கும். ரவ் அஹா வருவதைக் கேள்விப்பட்ட அபாயே, இவர் புண்ணியவான், இவரால் ஏதாவது அற்புதம் நடக்கலாம் என்று எண்ணி, ஊரில் யாரும் அவருக்கு இடம் கொடுக்கக் கூடாதென்று சொல்லிவைத்தார். வேறு வழியின்றி ரவ் அஹா கல்விக்கூடத்திலேயே படுத்தார். இரவில் பேய் ஏழு தலைப் பாம்பாக வந்தது. அவர் குனிந்து குனிந்து தொழ, ஒவ்வொரு வணக்கத்துக்கும் ஒரு தலை விழுந்தது. விடிந்ததும் அவர் நன்றி சொல்லவில்லை, பெருமையும் பேசவில்லை. அற்புதம் நடந்திராவிட்டால் என்னை ஆபத்தில் தள்ளியிருப்பீர்கள் என்று முகத்துக்கு நேரே குற்றம் சாட்டினார். ஆபத்து இருப்பது ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்தே வெளியூர்க்காரனை அங்கே படுக்க வைத்தார். வந்தவர் பெரியவர், தப்பினார். அவர் மகனாக இருந்தால்?

ஆஸ்திரேலியாவில், நிறுவனங்களில் நடந்த குழந்தைப் பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம், 2015 பிப்ரவரியில் மெல்பர்னிலும் சிட்னியிலும் உள்ள யெஷிவா மையங்களைப் பற்றி வெளிப்படையாகச் சாட்சியம் கேட்டது. புகார் சொன்ன பிள்ளைகளும் அவர்களின் குடும்பங்களும் சமூகத்தால் ஒதுக்கப்பட்ட கதைகள் வெளிவந்தன. யூதனை யூதன் வெளி அதிகாரத்திடம் காட்டிக்கொடுக்கலாகாது என்ற 'மெசிரா' என்னும் பழைய கருத்து, கொடியவனுக்குக் கேடயமான விதமும் அங்கே பேசப்பட்டது. விடுதியில் தங்காத பிள்ளைகளும் பாதிக்கப்பட்டார்கள் என்பதால் பழியை முழுக்க விடுதியின் மேல் போட முடியாது. ஆனால் இரவில் வீடு திரும்பும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வாய்ப்பாவது உண்டு. இஸ்ரேலில் சிறார் கொடுமையை அறிந்தால் அதிகாரிகளிடம் தெரிவிப்பது 1989 முதல் சட்டக் கடமை. அந்தச் சட்டம் மஷ்கியாஹ் அறைக்குள்ளும் செல்லும் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் சேர்க்கை நாளன்றே கேட்டு உறுதிசெய்வது நல்லது.

பாதை என்பதும் சும்மா இல்லை. 2014 ஜூன் 12, வியாழன் இரவு. மேற்குக் கரையின் குஷ் எட்ஸியோன் பகுதியில் மூன்று யெஷிவா மாணவர்கள் வீட்டுக்குப் போக, வழிப்போக்குக் கார் ஏதாவது ஏற்றிக்கொள்ளுமென்று சாலைச் சந்திப்பில் நின்றார்கள். இருவருக்கு 16 வயது, ஒருவருக்கு 19. கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் ஜூன் 30இல் கிடைத்தன. இரண்டு நாள் கழித்து, அதற்குப் பழியாக ஜெருசலேமில் 16 வயதுப் பாலஸ்தீனச் சிறுவன் ஒருவன் கடத்திக் கொல்லப்பட்டான். அந்தக் கோடை காஸாப் போரில் போய் முடிந்தது. மூவரும் ஓய்வுநாளுக்கு வீட்டுக்குக் கிளம்பியவர்கள். பலகைப் பாலத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் தீர்ப்பு என்ன? பக்கத்தில் தகுந்த யெஷிவா இருக்கும்போது, 13, 14 வயதுப் பையன் இரவில் தன் வீட்டுக் கட்டிலில் படுக்க வேண்டும். இது புரட்சியல்ல; இஸ்ரேலின் பெரிய நகரங்களில் பல யெஷிவா கெட்டனாக்களில் உள்ளூர்ப் பையன்கள் இப்போதே அப்படித்தான் செய்கிறார்கள். காலை முதல் இரவு வரை கூடத்தின் இரைச்சல் அவனுக்கு முழுதாகக் கிடைக்கிறது. இழப்பது கட்டில் மட்டும். பெயர்பெற்ற யெஷிவா என்பதற்காக, நாளை நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்பதற்காக, பக்கத்துவீட்டுப் பையன் போனான் என்பதற்காக அனுப்புவது போதுமான காரணமாகாது.

17, 18 வயதில் போகலாம், போவது நல்லதும்கூட. அமெரிக்காவிலிருந்து உயர்நிலைப் பள்ளி முடித்து ஓராண்டு இஸ்ரேல் யெஷிவாக்களுக்கு வரும் இளைஞர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று பெர்கர், ஜேக்கப்சன், வாக்ஸ்மன் மூவரும் 2007இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். அந்த வயதில் வரும் மாற்றத்துக்கு அவனே பொறுப்பாளி, அவனே சாட்சி.

அருகில் யெஷிவாவே இல்லாத தூதர் குடும்பத்துக்கும் சிற்றூர்க் குடும்பத்துக்கும் இந்தத் தீர்ப்பை அப்படியே நீட்ட முடியாது. அவர்கள் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் உறுதியான பாலம் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கட்டடத்தில் இரவில் விழித்திருக்கும் பெரியவர் யார்? பின்னால் வரிசை நிற்காமல் பையன் அம்மாவோடு பேச ஓர் அறை இருக்கிறதா? அந்த ஊரில் வாரம் ஒருமுறை அவன் போய்ச் சாப்பிட, நிர்வாகத்தோடு தொடர்பில்லாத ஒரு குடும்பம் அமைத்துக் கொடுப்பார்களா? 'நாள் சாப்பிட்ட' காலத்தின் கூச்சத்தை நீக்கிவிட்டு, அதில் இருந்த வீட்டுச் சூட்டை மட்டும் வைத்துக்கொள்ள முடியும். வெளியேற்றுவதானால், வேறிடம் கிடைக்கும் வரை கட்டிலைப் பறிக்க மாட்டோம் என்று எழுதித் தருவார்களா? கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்காத யெஷிவாக்களுக்கு இஸ்ரேல் நாடாளுமன்றம் 2008இல் சட்டப்படியே விலக்கு அளித்துவிட்டது; ஆகவே அந்தப் பாடங்களைப் பெற்றோர்தான் கேட்க வேண்டும். மகனுக்குத் தொழில் கற்பிப்பதும் தகப்பன் கடமை என்று சொல்லும் அதே கிதுஷின் பகுதி அவர்கள் பக்கம் நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், பையனிடம் கேட்க வேண்டும். சேர்க்கைத் தேர்வுக்கு முன், தம்பி தங்கைகள் இல்லாத நேரத்தில், இல்லை என்று அவன் சொன்னால் யாரும் வருந்த மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். யெஷிவாக்களின் புதிய ஆண்டு யூத நாட்காட்டியின் எலூல் மாதம் முதல் தேதி தொடங்குகிறது.